அந்த ஒரு ஆஃப்

கிடங்கில் அவளை ‘அகராதி’ என்பார்கள். ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் அவள் மேசைக்குத்தான் போகும், அதனால் அந்தப் பெயர் என்று கேட்டவர்களுக்குச் சொல்வார்கள். அகராதி பிடித்தவள் என்ற பொருளும் அதற்குள் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. காதில் விழாதது போல இருந்துவிடுவாள். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அது ஒரு குளிர்கிடங்கு. பெரிய கம்பெனிகளின் ஐஸ்கிரீம் பெட்டிகளும் உறைந்த காய்கறி மூட்டைகளும் ஆறு அறைகளில் அடுக்கிக் கிடக்கும். பின்பக்கம் மெஷின் அறை. முன்பக்கம் லாரிகள் வந்து நிற்கும் மேடை, அதற்கு மேல் மாடியில் ஆபீஸ். முதலாளி வியாபாரத்தில் புலி, ஆங்கிலத்தில் பூனை. ‘குட் மார்னிங்’கைத் தாண்டினால் கண்ணாடிக் கதவைத் தட்டி அவளைக் கூப்பிட்டுவிடுவார். பதினோரு வருடங்களாக அப்படித்தான்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கேன்டீனில் இரண்டு நீள மேசைகளில் உட்கார்வார்கள். ஒரு நாள் லோடு ஏற்றுகிறவர் ஒருவர், “இன்னிக்கு மூட் ஆஃப் அக்கா” என்று சொல்லப்போக, அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆஃப்னா அணைக்கிறதுன்னுதானே எல்லாரும் நினைச்சுட்டு இருக்கோம்? லீவு எடுத்தா டே ஆஃப். பிளேன் கிளம்பினா டேக் ஆஃப். தள்ளிப்போட்டா புட் ஆஃப். வழியனுப்பி வச்சா சென்ட் ஆஃப். பந்தா காட்டினா ஷோ ஆஃப்.”

அந்தக் கடைசிச் சொல்லுக்கு யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இரண்டு பேர் தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“அப்போ ஆஃப் டிக்கெட்?” என்று கேட்டார் லோடுக்காரர்.

“அது பாதி. அது வேற வார்த்தை. இதோட போட்டுக் குழப்பாதீங்க.”

“எனக்கு ரெண்டே ஆஃப்தான் தெரியும் அக்கா” என்று அடுத்த மேசையிலிருந்து சத்தமாகச் சொன்னார் மெஷின் அறை ஆப்பரேட்டர். மெஷின் இரைச்சலிலேயே இருந்து பழகிப்போனவர். காதோடு பேசினாலும் ஊருக்கே கேட்கும். “ஒண்ணு சுவிட்ச் ஆஃப். இன்னொண்ணு டே ஆஃப். ரெண்டாவதை நான் இன்னும் கண்ணால பார்த்ததில்லை.”

மொத்தக் கேன்டீனும் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் தான் ஆரம்பித்த பேச்சில் அவர் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனது அவளுக்கு லேசாக உறுத்தியது.

அடுத்த மாதம் ஒரு மதியம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மூன்றாவது அறைக்குக் குளிரனுப்பும் மெஷின் நின்றுபோனது. ஆப்பரேட்டர் மட்டும் மெஷின் அறையில் இருந்தார். அங்கே என்ன சத்தம் வந்தாலும் கேன்டீன்வரை கேட்காது. அரை மணி நேரம் தனியாகப் போராடிப் பார்த்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு கேன்டீனுக்கு ஓடிவந்து, “மூணாவது போயிடுச்சு, வாங்க” என்று கத்தினார். முடிந்தவரை பெட்டிகளை மற்ற அறைகளுக்கு மாற்றினார்கள். பாதிகூட ஆகவில்லை. சாயங்காலத்துக்குள் கதவுக்கு அடியில் ரோஸ் நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் ஐஸ்கிரீம் வழிந்து வர ஆரம்பித்தது.

மறுநாள் வெளியூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். மெஷினை விற்ற கம்பெனியின் ஆள். அவருக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அவள் பல்வலி என்று லீவில் இருந்தாள். ஆப்பரேட்டரும் இன்ஜினியரும் மெஷின் அறையில் கையாலும் காலாலும் பேசிக்கொண்டார்கள். இன்ஜினியர் பழுதைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். பத்து நாள் கழித்து அவருடைய அறிக்கை வந்தது.

முதலாளி அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுடைய மேசைக்கே வந்து நின்றார். ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரால் நடந்தது என்று அவர் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்.

“படிம்மா. சுருக்கமா, தமிழ்ல எழுதிக் குடு.”

ஒன்றரைப் பக்கம்தான். சர்வீஸ் இரண்டு முறை ‘புட் ஆஃப்’ செய்யப்பட்டது என்று இருந்தது. தள்ளிப்போடப்பட்டது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சரியாக எழுதினாள். முதலாளி அந்த வரியைக் கேட்டு “உம்” என்றார். அடுத்த வரியில், இரண்டு இருபதுக்கு ‘அலாரம் வென்ட் ஆஃப்’ என்றும், அப்போது ஆப்பரேட்டர் தனியாக இருந்தார் என்றும் இருந்தது.

அவள் பேனா நின்றது. வென்ட் என்றால் போனது. அலாரம் ஆஃப் ஆகிப் போனது. அணைந்தது என்றுதானே வரும்? ஆனால் எங்கேயோ ஒரு நெருடல். பின்னால் அலமாரியில் தடித்த அகராதி இருந்தது. நாற்காலியைத் திருப்பி, கையை நீட்டினாள்.

“என்னம்மா தேடுற?”

“ஒரு வார்த்தை சார். பார்த்துட்டு...”

“உனக்கு எதுக்கும்மா அகராதி? நீயே அகராதி!” என்று முதலாளி சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

“அலாரம் அணைஞ்சுடுச்சுன்னு போட்டிருக்கார் சார்.”

“தானா எப்படி அணையும்? யாராவது அணைச்சாத்தானே அணையும்?”

“ஆமா சார்” என்றாள். ‘அலாரம் அணைக்கப்பட்டது’ என்று எழுதினாள்.

இரண்டு நாளில் அந்தத் தமிழ் வரிகளோடு ஆப்பரேட்டரை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு, வாசல் பக்கத்து நோட்டீஸ் போர்டில் தொங்கியது. அதை டைப் அடித்ததும் அவள்தான். ‘சாப்பாட்டு நேரத்தில் தூங்குவதற்காக அலாரத்தை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து எழுந்து நாடகம் ஆடினார்’ என்று கேன்டீனில் ஒரு கதையும் தயாராகிவிட்டது.

அன்று மதியம் ஆப்பரேட்டர் மாடியேறி வந்தார்.

“அக்கா, அதுல அப்படியா எழுதியிருக்கு? இன்னொரு தடவை பாருங்க. மணி அடிச்சுதுன்னுதான் அந்த ஆள்கிட்ட சொன்னேன். கடிகாரத்தைக் காட்டி, வாயாலயே கிர்ர்ருன்னு அடிச்சுக் காட்டினேன் அக்கா. அவரும் தலையைத் தலையை ஆட்டினார்.”

ஆபீஸே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அறிக்கையை எடுத்து மேசையில் விரித்து, விரலை வைத்து, அந்த வரியை ஆங்கிலத்தில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்.

“இதோ, நீங்களே பாருங்க தம்பி. ஆஃப். உங்களுக்கே தெரிஞ்ச வார்த்தைதானே? நானா எழுதினேன்?”

அவர் குனிந்து பார்த்தார். அவருடைய மெஷின் அறையில் ஒவ்வொரு சுவிட்சின் மேலும் இருக்கும் அதே எழுத்துகள். அவருக்கு ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்த மிகச் சில சொற்களில் அது ஒன்று. படியிறங்கிப் போய்விட்டார்.

எட்டு மாதங்கள் ஓடின. புது ஆப்பரேட்டர் வந்தார். பழைய ஆப்பரேட்டரின் கதையை எல்லோரும் மறந்தார்கள். அவளும்தான்.

வருடாந்திரச் சோதனைக்காக இன்ஜினியர் மறுபடியும் வந்தார். இந்த முறை அவள் இருந்தாள். வேலைக்கு முன்னால் ஆபீஸில் டீ. முதலாளி, மேற்பார்வையாளர், புது ஆப்பரேட்டர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அவள் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்ஜினியரின் கண்கள் சிவந்திருந்தன. தூக்கம் சரியில்லையா என்று முதலாளி கேட்கச் சொன்னார்.

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே பெரிய கதையாகச் சொன்னார். தங்கியிருக்கும் ஹோட்டலில் விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் ‘வென்ட் ஆஃப்’. மாடி முழுவதும் அலறியடித்துக்கொண்டு படியில் ஓடியதாம். பனியனும் கால்சட்டையுமாகத் தெருவில் நின்றாராம். யாரோ அறைக்குள் சிகரெட் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சொல்லி முடித்துவிட்டு இன்ஜினியர் அவளைப் பார்த்தார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“என்னம்மா சொல்றார்?” என்றார் முதலாளி.

அலாரம் அணைந்தால் யாரும் தெருவுக்கு ஓட மாட்டார்கள். அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“காலைல... அலாரம் அடிச்சு... எழுப்பிடுச்சாம் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். அறையில் ஒருவருக்குக்கூட எதுவும் தோன்றவில்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பினார்கள், எட்டு மாதத்துக்கு முன் நம்பியது போலவே.

இன்ஜினியர் படியிறங்கும்போது அவள் பின்னாலேயே போனாள். போன வருட அறிக்கையைப் பற்றிக் கேட்டாள். அந்த ஆப்பரேட்டரை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. “வாயாலேயே மணி அடித்துக் காட்டினாரே, அவர்தானே? நல்ல வேலைக்காரர். அலாரம் கேட்ட உடனே ஓடிப்போய் முதலில் செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்திருந்தார். எங்கே, ஆளைக் காணோமே?” என்று கேட்டார். அவளுக்கு அந்த நிமிடம் ஆங்கிலமே வரவில்லை.

மேலே வந்து அகராதியை எடுத்தாள். ‘கோ ஆஃப்’ என்பதற்கு வரிசையாகப் போட்டிருந்தது. வெடித்தல். மணி முதலியவை ஒலித்தல். உணவு கெட்டுப்போதல். கிளம்பிப்போதல். உறங்கிவிடுதல். அதற்கும் கீழே, விளக்கு முதலியவை அணைதல்.

அந்தக் கடைசிப் பொருளை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் ஒரு பொருள் இருக்கிறதே. தான் எழுதியது ஒரேயடியாகத் தப்பு என்று எவனும் சொல்ல முடியாதே. ஐந்து நிமிடம் அந்த நிழலில் நின்றாள். பிறகு கோப்பைத் திறந்து தன் கையெழுத்தைப் பார்த்தாள். ‘அணைந்தது’ என்றுகூட இல்லை. ‘அணைக்கப்பட்டது’. அந்தச் சுவிட்சின் மேல் ஒரு கையை வைத்தது இன்ஜினியரும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

கழிப்பறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழப் பார்த்தாள். அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. விரலை வைத்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டிய தன் குரல்தான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் நிதானமாகப் பார்ப்பார்.

“எட்டு மாசம் ஆச்சு. அவரும் வேற எங்கயாவது சேர்ந்திருப்பார். இப்போ போய்க் கிளறினா உன் வேலையும் போகும், அவர் வேலையும் திரும்ப வராது. வேணும்னே செஞ்சியா என்ன? தெரியாமத்தானே நடந்துச்சு.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். ஒன்பதாவது படிக்கிறாள். அம்மாவின் ஆபீஸுக்கு இரண்டு மூன்று முறை வந்திருக்கிறாள்.

“டிக்‌ஷனரி உங்க சீட்டுக்குப் பின்னாடிதானேம்மா இருக்கும்?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை முதலாளியின் கண்ணாடி அறைக்குள் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“இப்போதைக்கு யாருக்கும் தெரியாது சார்.”

“அப்புறம் என்னம்மா? ஐஸ்கிரீம்காரங்களுக்குப் பதில் சொல்லியாச்சு. கதை முடிஞ்சாச்சு. இப்போ போய் மணி அடிச்சுது, அவன் மேல தப்பில்லைன்னா, அப்போ யார் மேல தப்புன்னு கேப்பாங்க.”

சர்வீஸைத் தள்ளிப்போட்ட வரி இருவருக்கும் ஞாபகம் வந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை.

“நான் எழுதினது தப்புன்னு நானே எழுதிக் குடுத்துடறேன் சார்.”

“உனக்கு என்ன பைத்தியமா? போய் வேலையைப் பாரும்மா.”

அவள் போய் வேலையைப் பார்த்தாள். அறிக்கை முழுவதையும் முதல் வரியிலிருந்து மறுபடி தமிழில் எழுதினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டினாள்; தெரிந்த சொற்களுக்கும். ஆபீஸ் வேடிக்கை பார்த்தது. ‘இரண்டு இருபதுக்கு அலாரம் ஒலித்தது.’ அடியில், ‘முன்பு அணைக்கப்பட்டது என்று நான் எழுதியது பிழை. சந்தேகம் வந்தும் சரிபார்க்காமல் எழுதினேன். அப்போதைய ஆப்பரேட்டர் மீது எந்தத் தவறும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று பிரதி எடுத்தாள். ஒன்றை முதலாளியின் மேசையில் வைத்தாள். ஒன்றைச் சாப்பாட்டு மணிக்கு முன்னால் நோட்டீஸ் போர்டில் குத்தினாள்.

அரை மணி நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து அதைக் கிழித்துவிட்டார். ஆனால் அதற்குள் கேன்டீனுக்குப் போகிற அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். அவள் தட்டோடு போய் உட்கார்ந்தபோது நீள மேசையில் பேச்சு நின்றது. யாரும் திட்டவில்லை. லோடுக்காரர் மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது பிரதியோடு ஆப்பரேட்டரின் வீட்டைத் தேடிப் போனாள். மூன்று மாடிக் குடியிருப்பில் கடைசி வீடு. மாடிப்படி வளைவில் சைக்கிள் ஒன்று சங்கிலி போட்டு நின்றிருந்தது. கதவைத் திறந்தது அவருடைய மனைவி. இவள் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே வரச் சொன்னாள்.

ஆப்பரேட்டர் தரையில் உட்கார்ந்து மின்விசிறி ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். இளைத்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

“வாங்க அக்கா” என்றார், மெதுவான குரலில்.

அவள் காகிதத்தை நீட்டினாள்.

“மணி அடிச்சுதுன்னுதான் தம்பி அதுல எழுதியிருந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே. நான்தான்... தப்பா எழுதிட்டேன். எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சு. பார்க்காம எழுதிட்டேன்.”

அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கினார். நிதானமாகப் படித்தார். அடியிலிருந்த மூன்று வரிகளை இரண்டு முறை படித்தது தெரிந்தது. பிறகு அதைத் தன் மனைவியிடம் நீட்டினார்.

“படி. சத்தமா படி.”

மனைவி படித்தாள்.

“எங்க போனாலும் முன்னாடி வேலையை ஏன் விட்டீங்கன்னு கேக்கறாங்க” என்றார் ஆப்பரேட்டர். “இப்போ ஒரு பார்சல் ஆபீஸ்ல மூட்டை தூக்கறேன். அது பரவாயில்ல அக்கா, உடம்பு இருக்கு. இந்த வீட்டுலயே யாரும் என்னை நம்பலை. இவ அப்பா வந்து உக்காந்து, தூங்குமூஞ்சிக்கு எவன் வேலை குடுப்பான்னு கேட்டார். இவ பேசாம நின்னா. நான் கத்தினேன், சத்தியம் பண்ணினேன். காகிதத்துல அப்படித்தானே இருக்குன்னு இவ சொன்னா. ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, அசதியில அணைச்சுட்டோமோன்னு. கிர்ர்ருன்னு அடிச்சது காதுலயே இருக்கு. அப்படியும் சந்தேகம்.”

அவருடைய மனைவி காகிதத்தை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். அவள் கழுத்து வரை சிவந்திருந்தது. அகராதிக்காரிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. மூன்று நாட்களாகத் தன் உடம்பில் இருந்த அதே கூச்சம் இப்போது இந்த வீட்டுக்காரிக்கும் பரவியிருந்தது. அதையும் கொண்டுவந்து கொடுத்தது தான்தான் என்று நினைத்தபோது அங்கே நிற்க முடியவில்லை.

“என்னை என்ன வேணா சொல்லுங்க தம்பி.”

“சொல்ல என்ன இருக்கு?” என்றார் அவர். “இந்தக் காகிதம் எனக்கு வேணும். இன்னும் நாலு எழுதிக் குடுங்க. ஒண்ணு இவ அப்பாவுக்கு.”

அவள் அங்கேயே உட்கார்ந்து, அவர்களுடைய மகனின் நோட்டிலிருந்து தாள் கிழித்து வாங்கி, நான்கு பிரதிகள் கையால் எழுதினாள். அந்த மூன்று வரிகளையும் நான்கு முறையும் முழுவதுமாக எழுதினாள். ஆப்பரேட்டரின் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் கேள்வி வரும். மாடியிலிருந்து இறக்கி, லாரிகள் வரும் போகும் நேரத்தைக் குறிக்கும் கேட் பக்கத்து அறையில் உட்கார வைத்தார். ஆங்கிலக் கடிதங்கள் வெளியே ஒரு ஆளிடம் போயின. ஆப்பரேட்டரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று தொழிலாளர்கள் போய்க் கேட்டார்கள். முதலாளி ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டுச் சரி என்றார். ஆப்பரேட்டர் வர மறுத்துவிட்டார். அவள் எழுதிய காகிதத்தைக் காட்டி, ஒரு மருத்துவமனையின் பாய்லர் அறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

ஒரு முறை பஸ் நிறுத்தத்தில் அவரை, மனைவியோடு பார்த்தாள். இவள்தான் முதலில் தலையை அசைத்தாள். மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கீங்களா அக்கா?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, “மன்னிச்சுட்டாராமா?” என்று கேட்டார்.

“நான் கேக்கலை” என்றாள்.